திரை எரிந்த பின்

நிலையாமையை உணர்த்தப் புகுந்த வள்ளுவர், பெருஞ்செல்வம் ஒருவனிடத்து வந்து சேர்வதைக் கூத்தாடும் அரங்கிலே சனங்கள் வந்து கூடுவதற்கும், அது அவனை விட்டு நீங்குவதை ஆட்டம் முடிந்ததும் அக்கூட்டம் கலைந்து போவதற்கும் ஒப்பிட்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகளின் பின்னர், திருவண்ணாமலையிலே 1950ஆம் ஆண்டுவரை வாழ்ந்த ரமண மகரிஷிகள், உலகம் மெய்யோ பொய்யோ என்று தம்மை வினவியவர்களுக்குச் சினிமாவையே திருஷ்டாந்தமாக எடுத்துக் காட்டுவதுண்டு: படத்திலே வெள்ளம் பெருகினாலும் திரை நனைவதில்லை, தீ மூண்டாலும் திரை கருகுவதில்லை, வந்து போகும் காட்சிகளே பிரபஞ்சம், மாறாது நிற்கும் திரையே ஆன்மா. முன்னவருக்கு நிலையாதது கூட்டம். பின்னவருக்கு நிலையாதது படம். ஆனால், கூட்டம் கலைந்த பின்னும் அரங்கு நிற்கும் என்பதையும், காட்சி மறைந்த பின்னும் திரை தொங்கும் என்பதையும் இருவருமே சொல்லாமற் கொண்டார்கள். கொழும்பு மாநகரிலே புறக்கோட்டையில் உழைத்து, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குடியிருந்து, விடுமுறை நாளின் மாலைப்பொழுதைப் பக்கத்துப் படமாளிகையிலே கழித்த எம்போன்றோருக்கோ, நிலையானதென்று அவ்விரு பெரியோரும் விட்டுவைத்த அந்த ஒன்றே நிலையாமற் போயிற்று.

ஆதலின் ஒரு கேள்வி எழுகிறது. மறைந்துபோன ஒரு படமாளிகையை நினைத்து நெஞ்சு கனிவது அறுத்தெறிய வேண்டிய பற்றா, அன்றிப் பேணத்தக்க வேறொரு குணமா? இது வெறும் பழங்கதைப் பிரியர்களின் கேள்வி அன்று. செங்கல்லும் சுண்ணாம்பும் துணித்திரையும் சேர்ந்த ஒரு கட்டடத்தினிடத்து மனிதன் வைக்கும் அன்புக்குச் சமய நோக்கிலே இடமுண்டா என்பதே இதன் உட்கிடை.

அந்த மாளிகைகள் தாமே முளைத்தவை அல்ல. 1928ஆம் ஆண்டிலே ‘சிலோன் தியேட்டர்ஸ்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சேர் சிற்றம்பலம் கார்டினர். கோட்டைக்கு அணித்தாக ரீகல் படமாளிகை நிற்கும் வீதி இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1947 ஜனவரி 21ஆந் திகதி கொழும்பிலே முதன்முதலாகக் காட்டப்பட்ட சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது உருவானது மதுரையிலிருந்த அவருடைய சித்ரகலா மூவிடோன் கலையகத்திலே. அதை இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. பின்னர் ‘சினிமாஸ்’ நிறுவனத்தை நடத்திய கே. குணரத்தினம், வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் விஜயா கலையகத்தை அமைத்துச் சிங்களப் படங்கள் பலவற்றுக்குப் பிறப்பிடமாக்கினார். சிங்களவர் தமிழ்ப் படங்களைத் திரள் திரளாக வந்து பார்த்ததும், தமிழர் முதலிட்ட பணத்தில் சிங்களம் திரையேறியதும் அக்காலத்திலே எவருக்கும் அதிசயமாகத் தோன்றவில்லை.

ஆயினும் நெஞ்சிலே நிற்பவை பெரிய நிறுவனங்கள் அல்ல. பேட்டைகளிலே நின்ற படமாளிகைகள். வடகொழும்பிலே கிங்ஸ்லி, கெயிட்டி, செல்லமஹால், மருதானையிலே காமினி, வெள்ளவத்தையிலே பிளாசா, சவோய் என்று நடந்தே போகக்கூடிய தூரத்திலே ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிரண்டு இருந்தன. புறக்கோட்டைக் கடைகளில் வாரம் முழுவதும் நின்ற கால்களோடு உழைத்த சிப்பந்திகள் வடபகுதிக் கிராமங்களிலிருந்தும் இந்தியக் கரையிலிருந்தும் தென்னிலங்கை ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு நகரத்தில் வீடு என்று ஒன்று இல்லை, கடையின் மேல்மாடியிலே பாய் விரிக்கும் இடமே உண்டு. அத்தகைய ஒருவன் தலைவாரி, வெளுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு, கலரி டிக்கட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, அவனுக்கு முன்னே மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவரும் பின்னே குறுக்குத் தெருப் புடைவைக் கடையின் முஸ்லிம் இளைஞர் ஒருவரும் நிற்பர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலைத் தவிர, இத்தனை சமயத்தாரும் இத்தனை பாஷைக்காரரும் ஒரே வரிசையிலே பொறுமையோடு நிற்கும் வேறிடம் அப்பகுதியில் மிகக் குறைவு. உள்ளே கச்சான் கோதுகள் காலடியில் நொறுங்கும். பீடிப் புகை வெளிச்சக் கற்றையிலே சுருண்டு ஏறும். இடைவேளையிலே இஞ்சிச் சோடாவின் போத்தல்கள் ஒன்றோடொன்று மோதும். மேலே பால்கனியில் இருந்தவர்களுக்கும் கீழே கலரியில் இருந்தவர்களுக்கும் நாற்காலியில் வித்தியாசம் இருந்தது. அழுகையிலும் சிரிப்பிலும் இருக்கவில்லை.

ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965ஆம் ஆண்டிலும் ‘கந்தன் கருணை’ 1967ஆம் ஆண்டிலும் வெளிவந்தபோது தமிழ் வழங்கும் இடமெங்கும் சினிமா ஒருவகைத் திருவிழாவாயிற்று. தெய்வம் திரையிலே தோன்றும் கட்டத்தில் கைகூப்பியவர்களும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அமர்ந்தவர்களும் உண்டு. சாயம் பூசிய நடிகனைக் கும்பிடும் பேதைமை என்று படித்தவர்கள் இதை எள்ளினர். ஆனால் கல்லிலே எழுந்தருளும் தெய்வம் நிழலிலே எழுந்தருளாது என்பதற்கு எந்த ஆகமம் பிரமாணம்? கைகூப்பியவன் நடிகனின் ஊரையும் பேரையும் அறியாதவன் அல்லன், அறிந்திருந்தும் கூப்பினான். அறிவு தடுத்த இடத்திலும் அன்பு கடந்து சென்றது என்பதே அதன் பொருளாகும். அத்தகைய காட்சிகளின்போது பக்கத்திலிருந்த கத்தோலிக்கரோ முஸ்லிமோ கூப்பவில்லை. ஆனால் கூப்பியவனுடைய முழங்கை தம்மேல் இடிக்காதபடி சற்றே ஒதுங்கி இடங்கொடுத்தார். சமயப் பொறை என்று மேடைகளிலே விரித்துரைக்கப்படும் தத்துவம் நாற்காலியின் கைப்பிடியளவு இடத்திலே அநுஷ்டானத்துக்கு வந்தது இவ்வாறுதான்.

இனி, மகரிஷிகளின் திருஷ்டாந்தத்துக்கு வருவோம். அதன் வன்மை மறுக்கற்பாலதன்று. படத்திலே மயங்கி அழுபவனைப் பார்த்து, நீ அழுவது நிழலுக்காக என்று சொல்லுவது கருணையே. ஆனால் 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தின் கடைசி வாரத்திலே, தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்தில், கொழும்பில் எரிந்தது நிழல் அன்று. புறக்கோட்டையின் கடைகளும் வெள்ளவத்தையின் வீடுகளும் எரிந்தன. தமிழருக்குரிய படமாளிகைகளும் தீக்கிரையாயின. ஹெந்தளையிலே விஜயா கலையகம் எரிந்தபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் உடன் சாம்பலாயின. தமிழனுடைய சொத்து என்று மூட்டிய தீ, சிங்கள மக்களின் கலைச்செல்வத்தையே உண்டது. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் அக்கலவரத்திலே கொல்லப்பட்டார். குணரத்தினம் பின்னர் 1989ஆம் ஆண்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். தீயில் திரை கருகுவதில்லை என்ற திருஷ்டாந்தத்தை, கருகிய திரையின் முன்னே நின்று ஓதுவது எங்ஙனம்?

வேதாந்தி இதற்கு விடை வைத்திருக்கிறார். உவமையிலே சொன்ன திரை துணித்திரை அன்று; துணித்திரையும், அதை எரித்த தீயும், எரிந்ததைக் கண்டு வருந்தும் உன் மனமும் ஆகிய அனைத்துமே இன்னொரு பெருந்திரையில் ஓடும் படந்தான் என்பார். தர்க்கத்திலே இதற்குத் தோல்வியில்லை. எந்த நட்டத்தையும் ஒரு படி மேலேறி நின்று படமாக்கிவிடலாம். ஆனால் எது எரிந்தாலும் தோற்காத ஒரு வாதம், எரிந்தது எது என்பதைப் பற்றி யாதொன்றும் சொல்லுவதுமில்லை. அயலவனுடைய கூரை எரியும்போது, அதுவும் காட்சியே என்று அமைதி கொள்ளும் ஞானம் ஞானிக்குத் தகும். ஞானமடையாத நாம் அதை இரவல் வாங்கிப் பேசினால், அது கல்நெஞ்சுக்குக் காவி உடுத்தியதாகவே முடியும். மகரிஷிகள் அவ்வுவமையைச் சொன்னது தன் துயரத்திலே மூழ்கியவனைக் கரையேற்றுவதற்காக. பிறர் துயரத்துக்கு முன்னே நம்மை உலர்ந்தபடி வைத்துக்கொள்வதற்காக அன்று.

இவ்விடத்திலே எனக்குத் துணைசெய்தது சாஸ்திரம் கற்ற பண்டிதர் ஒருவர் அல்லர். வடகொழும்புப் படமாளிகை ஒன்றின் ஒப்பரேட்டர். புறக்கோட்டையிலே மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கெழுதிய வாலிப நாட்களில், அவருக்குக் கடையிலிருந்து ஏதோ சாமான் கொண்டுபோய்க் கொடுத்ததை முன்னிட்டு, அவர் படம் ஓட்டும் சிறிய அறைக்குள் நுழையும் பாக்கியம் கிட்டியது. கார்பன் குச்சிகள் இரண்டின் நடுவே கண்ணைப் பறிக்கும் ஒளி; ஒரு யந்திரத்தில் ரீல் முடியும் தறுவாயில் மற்ற யந்திரத்தைத் தொடக்கிவிடும் சுறுசுறுப்பு; வேர்வை. நான் ஒளியைப் புகழ்ந்து ஏதோ சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, “தம்பி, நீர் ரெண்டரை மணித்தியாலம் படம் பார்த்ததாகச் சொல்லுறீர், அதிலை ஒரு மணித்தியாலத்துக்கு மேலை இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்” என்றார். எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்: விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கிலே சுருள் ஓடுகிறது, ஆனால் அது ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு படமும் ஒரு கணம் அசையாது நிற்கிறது. அடுத்த படம் அவ்விடத்துக்கு இழுபடும் வேளையில் சுழலும் தகடொன்று ஒளியை மறைத்துவிடுகிறது. கண்ணுக்கு மினுக்கம் தெரியாதிருக்கும்பொருட்டு, படம் நிற்கும் நேரத்திலும் இன்னுமொருமுறை மறைக்கிறது. இவ்வாறு விநாடிக்கு 48 தடவை திரை இருண்டு மீள்கிறது. அந்த மறைப்பு இல்லாவிட்டால் படம் தெரியாது. ஒளி நிரம்பிய ஒரு கலங்கலே தெரியும்.

காட்சிக்கு இன்றியமையாத இத்தகைய மறைப்பு சமயத்திலும் உண்டு. சைவ சித்தாந்திகள் இறைவனுக்கு ஐந்தொழில் கூறுவர்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். கொழும்பிலே 1877ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் சிவநடனத்தின் தத்துவத்தை மேலைநாட்டாருக்கு உரைத்த ஆனந்த குமாரசுவாமி, அந்த ஒரே திருவுருவத்தில் ஐந்தொழிலும் அமைந்திருப்பதை விளக்கினார். படைத்தலும் காத்தலும் அழித்தலும் எவருக்கும் விளங்கும்; அருளலை விரும்பாதவர் இல்லை; மறைத்தல் ஏன் என்றே மனம் தடுமாறும். கருணையே வடிவான பொருள் தன்னைத்தான் ஏன் மறைக்க வேண்டும்? ஆன்மா பக்குவமடையும்வரை, சிவம் தன்னை மறைத்து உலகைக் காட்டி நிற்பதும் அருளின் செயலே என்பது சித்தாந்தத்தின் விடை. திரோதான சத்தி என்பது அதற்கிட்ட பெயர். ஆகவேதான் சித்தாந்தம் மாயையைப் பொய்யென்று தள்ளுவதில்லை. ஆணவம் என்னும் இரவிலே, விடியும்வரையும் கைக்கு உதவும் விளக்காகவே அதைக் கொள்கிறது. உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் ஆன்மா கற்றுத் தேறுவதற்கென்று கொடுக்கப்பட்டவை. விளக்கை விளக்கென்றே மதிக்க வேண்டும், சூரியன் என்றும் மயங்கலாகாது, வெறும் நிழல் என்றும் உடைத்தெறியலாகாது.

இதனினும் நுட்பமான ஒன்றை மெய்கண்டதேவர் தம் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்திலே வைத்தார். கண்ணானது தானே காணமாட்டாது. ஆன்மா அதற்குப் பொருளைக் காட்டவும் வேண்டும், கண்ணோடு உடன் நின்று காணவும் வேண்டும். அதுபோலவே ஆன்மாவும் தானே அறியமாட்டாது. இறைவன் அதற்குக் காட்டவும் வேண்டும், அதனோடு உடன் நின்று காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரைகாரர் இவற்றை இரண்டாக வகுத்தனர். காட்டுகிறவன் காட்டிவிட்டு விலகிப்போவதில்லை. காண்பவனோடு கூட இருந்து, அவன் காண்பதைத் தானும் காண்கிறான். அறிவு என்பதே தனித்த ஒருவனின் செயல் அன்று, கூட்டத்தின் செயல் என்பது இக்கோட்பாட்டின் ஆழம். தில்லையிலே ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டவர் பதஞ்சலி, வியாக்கிரபாதர் என இருவர் என்று புராணம் சொல்வதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். தவத்திலே இருவரும் முற்றியவர்கள். தனித்தனியே தரிசனம் பெறத் தகுதி உடையவர்கள். இருந்தும் அருகருகே நின்றே கண்டார்கள்.

கிரேக்க ஞானியான பிளேட்டோ, குகையிலே கட்டுண்டு சுவரில் விழும் நிழல்களையே உலகமென்று நம்பும் மனிதர்களைக் கற்பனை செய்தார். சினிமாவைப் பழிப்போர் அக்குகையை அடிக்கடி துணைக்கழைப்பர். அவர்கள் ஒரு விவரத்தைக் கவனிப்பதில்லை. பிளேட்டோவின் சிறையாளர்கள் கழுத்தும் கட்டுண்டவர்கள். பக்கத்திலிருப்பவனைத் திரும்பிப் பார்க்க அவர்களால் இயலாது. கொட்டாஞ்சேனைக் கலரியிலே இருந்தவனுக்குக் கழுத்துக் கட்டப்படவில்லை. நகைச்சுவைக் காட்சியிலே தான் சிரிக்குமுன் அயலவன் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்த்தான். தமிழ் வசனம் விளங்காத சிங்கள நண்பனுக்குக் காதோரம் இரண்டு சொல் சொன்னான். தாயின் மரணக் காட்சியிலே, பகலெல்லாம் தன்னை அதட்டி வேலைவாங்கும் முதலாளி பால்கனியில் கண்ணைத் துடைப்பதைத் தற்செயலாகக் கண்டு, அவரும் ஒரு தாய்க்குப் பிறந்தவரென்று தெளிந்தான். திரை காட்டியது கதையை. மாளிகை காட்டியது அயலவனை. காட்டும் உபகாரம் திரையினது என்றால், உடன் காணும் உபகாரம் அந்த இருட்டிலே அருகிருந்த முகமறியா மனிதர்களினது.

இங்கே நேர்மையுள்ள வாசகர் ஒரு தடை எழுப்புவார், எழுப்ப வேண்டும். இவ்வாறு ஒருங்கிருந்து கண்டவர்கள்தாமே 1983இல் ஒருவரையொருவர் கைவிட்டனர்? அருகருகே அழுத கண்கள், அயலவனின் வீடு எரிவதையும் பார்த்துக்கொண்டிருந்தனவே? உடன் காணுதல் அவ்வளவு பெரிய உபகாரமாயின், அது ஏன் காக்கவில்லை? இதற்குச் சமாதானமாக, அவ்வாரத்திலே தமிழரைத் தம் வீடுகளிலே ஒளித்துவைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர் என்று சொல்லலாம், அது உண்மையுமாகும். ஆயினும் அவர்களுடைய தர்மத்தைப் படமாளிகையின் கணக்கிலே வரவு வைப்பது அற்பத்தனம். விடை வேறு. ஆன்மா தான் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம். அருளைச் சார்ந்தால் அருள்வண்ணம். இருளைச் சார்ந்தால் இருள்வண்ணம். எந்த உபகாரமும் ஆன்மாவைக் கயிறிட்டு இழுப்பதில்லை. சார்வதற்கு ஓரிடத்தைத் தருகிறது, அவ்வளவே. கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் தேவாலயங்களும் நிறைந்த நகரம் அதே வாரத்தில் அதே காரியத்தைச் செய்தது. அதனால் அவை பயனற்றவை என்று எவரும் துணிவதில்லை. படமாளிகைக்கு மாத்திரம் கடுமையான அளவுகோல் ஏன்?

தீ ஒன்றே அவற்றை அழித்ததென்பதும் முழு உண்மையன்று. 1972ஆம் ஆண்டிலே அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குச் சென்றன, 1979ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி வந்தது, 1982ஆம் ஆண்டிலே ரூபவாஹினி வந்தது, பின்னர் வீடியோ, பின்னர் யுத்தமும், இருட்டிய பின் வெளியே போக அஞ்சும் ஊரும். சவோய் இன்றும் காலி வீதியிலே நிற்கிறது. மற்றும் பலவற்றின் நிலம் கைமாறியது. ஆனால் படங்களோ அழியவில்லை. அன்று மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று பார்த்த ‘திருவிளையாடல்’, இன்று பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியிலே கேட்ட மாத்திரத்தில் ஓடுகிறது. நிலையாததென்று சொல்லப்பட்ட நிழல் நின்றுவிட்டது. நிலைத்ததென்று கொண்ட அரங்கும் திரையும் போயின. கலையாமல் எஞ்சியிருப்பது பார்த்தவர்களிடத்து உண்டான பழக்கம் ஒன்றே: அறியாதவன் அருகிலே அஞ்சாமல் அமரும் பழக்கம்.

ஆகவே, பற்றா அன்றா என்ற முதற் கேள்விக்கு இவ்வாறு விடை கூறத் துணிகிறேன். போன பொருள் எனக்கே திரும்ப வேண்டும் என்று இரங்குவது பற்று, அது அறுக்கத்தக்கதே. அந்தக் கட்டடம் மீண்டும் எழுந்து, அதே நாற்காலியும் அதே இளமையும் எனக்குக் கிட்ட வேண்டுமென்று நான் ஏங்கினால், வள்ளுவரின் நிலையாமை அதிகாரத்தை நான் வீணே படித்தவனாவேன். பெற்ற உபகாரத்தை உபகாரமென்று அறிந்து, அதைத் தன்னிடத்தில் நிறுத்தாமல் வேறொருவரிடம் சேர்ப்பது நன்றி, அது அறுக்கத்தக்கதன்று. தந்தவன் இறந்த பின்னும், தந்த இடம் எரிந்த பின்னும் அக்கடன் தீர்வதில்லை. எரிந்த திரைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, பிள்ளைகளின் கையிலுள்ள சிறுதிரையைப் பறிப்பதன்று. அடுத்த இருக்கையில் எவர் வந்து அமர்வார் என்று முன்னறிய முடியாத ஓரிடத்துக்கு அவர்களை அழைத்துப் போவது. படமாளிகையோ, நாடக அரங்கோ, திருவிழாக் கச்சேரியோ, எதுவாயினும் ஆகுக. வருபவரின் பாஷையும் சமயமும் கேட்காமல் இடம் ஒதுக்கிக் கொடுக்க அங்கே அவர்கள் பழக வேண்டும். அவ்வாறு பழகிய தலைமுறை இன்னொரு யூலையைத் தடுத்துவிடும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. பழகாத தலைமுறையிடம் அதை எதிர்பார்க்கும் உரிமையே நமக்கு இல்லை.